மாக் கிடங்கில் வால்ட்ஸ் ஆடினோம்

கண்டியிலிருந்து கம்பளை வரைக்கும் இரண்டு கால் உள்ள எவரையும் சும்மா நடந்துபோக விடக்கூடாது என்று ஒரு மனிதர் முடிவெடுத்திருந்தார். நடன ஆசிரியர் என்று நினைத்துவிடாதீர்கள். பயிர்களுக்கு வரும் நோய்களை ஆராய்கிற விஞ்ஞானி. உருளைக்கிழங்கு ஏன் அழுகுகிறது, மிளகுக் கொடி ஏன் வாடுகிறது என்பதற்கெல்லாம் அவரிடம் பதில் உண்டு. ஆனால் அவரைக் கேட்டால் நாட்டைப் பிடித்த பெரிய நோய் இவை எதுவுமில்லை. ஆணும் பெண்ணும் சோடியாக நின்று ஒழுங்காக ஒரு வால்ட்ஸ் ஆடத் தெரியாமல் இருப்பதுதான்.

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருந்தது. சம்பளப் பட்டியலைத் தவிர வேறெங்கும் அது புழக்கத்தில் இல்லை. எல்லோருக்கும் அவர் வால்ட்ஸ் டொக்டர். நம்மவர் வாயில் வால்ட்ஸும் வோல்ட்ஸும் ஒன்றுதானே! பன்வில பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு பெரியவர், "கரண்டு டொக்டர் இங்கதானுங்களா?" என்று கேட்டுக்கொண்டு, பாடாத ரேடியோ ஒன்றைத் தோளில் தூக்கி வந்துவிட்டார். டொக்டர் கோபிக்கவில்லை. ரேடியோவைத் திறந்தார். உள்ளே பூஞ்சணம் பிடித்திருப்பதைக் கண்டு குழந்தை போல மகிழ்ந்து, அதைச் சுரண்டி எடுத்து நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்தார். சுரண்டிய பிறகு ரேடியோ பாடியது. பாடினால் விடுவாரா? பெரியவரை நிறுத்தி, ஒரு கையைத் தன் தோளில் வைக்கச் சொல்லி, அடிப்படைக் காலடிகளைப் பழக்கிவிட்டுத்தான் அனுப்பினார். அந்த மனிதர் பஸ் நிற்கும் இடம் வரைக்கும் வளைந்து வளைந்து போனதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

பேராதனைக்கு அந்தப் பக்கம் இருந்த ஒரு விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் நான் அப்போது கிளாக்கர். நாவலப்பிட்டியிலிருந்து தினமும் ரயிலில் வந்து போவேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், கையெழுத்து வாங்க ஒரு பைலோடு டொக்டரின் அறைக்குப் போனேன். மேசையில் அழுகிய கிழங்குகள். அறையின் நடுவில் டொக்டர், ஒரு மரக் கதிரையை இரண்டு கையாலும் ஏந்தி, அதன் முதுகை நெஞ்சோடு சாய்த்து, கண்ணை மூடிச் சுற்றிக்கொண்டிருந்தார். நான் கதவோரம் ஒதுங்கி நின்றேன். ஒரு சுற்று முடிந்ததும் கதிரையை மரியாதையாகக் கீழே வைத்து, அதற்குத் தலைகுனிந்து நன்றி சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார்.

"உள்ள வாரும். இல்லை, இல்லை, திரும்பிப் போய் இன்னொருக்கா வாரும்."

போய்விட்டு வந்தேன்.

"நீர் நடக்கிறீரா, மூட்டை உருட்டுறீரா? கலியாணம் முடிச்சிட்டீரா?"

"முடிச்சிட்டேன் சார்."

"அப்ப புதன்கிழமை பின்னேரம் மிஸிஸைக் கூட்டிக்கொண்டு மண்டபத்துக்கு வாரும்."

"சார், எனக்கு டான்ஸெல்லாம் வராதுங்க."

"உருளைக்கிழங்குக்கும் நோய் வராதெண்டுதான் எல்லாரும் சொன்னவை," என்றார் டொக்டர். பைலில் கையெழுத்துப் போடாமலே திருப்பித் தந்தார். புதன்கிழமை வந்தால்தான் கையெழுத்து.

யாழ்ப்பாணத்தில் பிறந்த மனிதருக்கு இந்தப் பைத்தியம் எங்கே பிடித்தது? சீமையில். சுதந்திரம் கிடைத்த கையோடு மேற்படிப்புக்கு அனுப்பியிருக்கிறார்கள். தங்கியிருந்த அறையில் கணப்பு இல்லை. பக்கத்தில் ஒரு மண்டபத்தில் நல்ல கணப்பு எரிவதைக் கண்டு, குளிருக்கு ஒதுங்கப் போயிருக்கிறார். உள்ளே நடன வகுப்பு. ஆடாமல் நிற்பவர்களை வெளியே போகச் சொன்னார்களாம். "நோயைப் பற்றிப் படிக்கத்தான் போனனான். எனக்கே தொத்திப்போட்டுது," என்று அவரே சொல்வார்.

சரி, தானாக ஆடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஊருக்கெல்லாம் பழக்க வேண்டும் என்று ஏன் நின்றார்? அதற்குக் காரணம் எங்கள் நிலையத்தின் வருடாந்த விருந்து. விருந்துக்கு எல்லோருக்கும் அழைப்பு உண்டு. கண்டியிலிருந்து பாண்ட் வரும். பெரிய உத்தியோகத்தர்கள் தங்கள் மனைவிமாரோடு ஆடுவார்கள். கிளாக்கர்மார், டிரைவர்மார், ஆய்வுகூட உதவியாளர்கள் எல்லாம் குடும்பத்தோடு சுவரோரம் நின்று கட்லட் தின்றுகொண்டு வேடிக்கை பார்ப்பார்கள். டொக்டருக்கு அதைக் கண்டால் வயிறு எரியும்.

"ஒரே மண்டபம், ஒரே சாப்பாடு, ஒரே பாட்டு. பாதிச் சனம் சுவரைத் தாங்கிக்கொண்டு நிக்கினம். ஏன், அவை விட்டால் சுவர் விழுந்திடுமே?"

அடுத்த விருந்தில் ஒருவர்கூடச் சுவரோரம் நிற்கக்கூடாது. இதுதான் அவருடைய சபதம்.

புதன்கிழமை என் மனைவி பாக்கியத்தைக் கூட்டிக்கொண்டு போனேன். அவள் நடுங்கிக்கொண்டுதான் வந்தாள். அங்கே ஒரு முறை இருந்தது. முதல் மாதம் கதிரையோடு மட்டும்தான் ஆட வேண்டும். "கதிரை கோபிக்காது. காலை மிதிச்சாலும் அழாது. கதிரையோட ஒழுங்கா ஆடத் தெரியாதவனுக்கு மனுசியைத் தாறது ஆபத்து," என்பார். டிரைவர், பியோன் என்று ஆளுக்கொரு கதிரையை அணைத்துக்கொண்டு சுற்றுவதை ஜன்னல் வழியாகப் பார்த்த ஒருவர், நிலையத்தை இடம் மாற்றுகிறார்கள் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டார்.

மூலையில் ஒரு அம்மா ரெக்கோட் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். டொக்டரின் மனைவி. கண்டியில் ஒரு பெண்கள் பாடசாலையில் கணக்கு ஆசிரியை. நாங்கள் டீச்சரம்மா என்போம். மடியில் விடைத்தாள் கட்டு. ஒரு கையால் புள்ளி போடுவார், மறு கையால் ரெக்கோட்டில் ஊசியை வைப்பார். பாட்டு முடியும் நேரம் தலை நிமிராமலே அவருக்குத் தெரியும். பாக்கியம் ஒருநாள் கேட்டாள்.

"நீங்க ஆட மாட்டீங்களாம்மா?"

"நான் ஆடமாட்டன் பிள்ளை. வீட்டுக்கு ஒராள் ஆடுறது காணும்."

இரண்டாம் மாதம் கதிரைகளை வைத்துவிட்டு மனைவிமாரிடம் வந்தோம். பாக்கியத்தின் காலை நான் மிதித்த மிதியில் அவள் செருப்பு அறுந்தது. டொக்டர் பாட்டை நிறுத்தச் சொன்னார்.

"நீர் ஏன் காணும் நிலத்தைப் பாக்கிறீர்? காசு விழுந்திட்டுதோ? மனுசியின்ர முகத்தைப் பாரும்!"

பார்த்தேன். அவள் சிரிப்பை அடக்கமுடியாமல் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

வகுப்பு சூடு பிடித்த நேரத்தில்தான் பெட்டிசன் போனது. எழுதியவர் பெயர் போடவில்லை. குடும்பப் பெண்களைக் கெடுக்கிறார், அரசாங்கக் கதிரைகளை முறைகேடாகப் பாவிக்கிறார் என்று இரண்டு குற்றச்சாட்டு. கொழும்பிலிருந்து விசாரணைக்கு ஒரு பெரியவர் வந்துவிட்டார். அவர் கேள்வி கேட்டது சிங்களத்தில். தமிழ் மட்டும் தெரிந்தவர்களின் வாக்குமூலத்தை மொழிபெயர்க்க ஆள் தேவைப்பட்டது. நிலையத்தில் இரண்டு பாஷையும் எழுதத் தெரிந்த கிளாக்கர் நான் ஒருவன்தான்.

முதலில் டொக்டர். அங்கே நடந்த பேச்சைத் தமிழில் தருகிறேன்.

"பெண்களிடம் உங்கள் தோளில் கைவைக்கச் சொன்னீர்களா?"

"ஓம். தோளில வைக்காட்டி வேற எங்க வைக்கிறது? தலையிலயா?"

"கதிரைகளை என்ன செய்தீர்கள்?"

"ஆடினம். இருந்து இருந்து அலுத்துப்போன கதிரைகள். பாருங்கோ, ஒண்டாவது முறிஞ்சிருக்கா?"

விசாரணை உத்தியோகத்தர் முகத்தில் ஒரு சுருக்கமும் அசையவில்லை. கெடுக்கப்பட்ட குடும்பப் பெண் யாராவது இருந்தால் வரலாம் என்றார். பாக்கியம் எழுந்து வந்து நின்றாள். நான் கண்ணால் வேண்டாம் என்று சாடை காட்டினேன். அவள் என்னைப் பார்க்கவேயில்லை.

"ஐயா, எங்களுக்குக் கல்யாணம் முடிஞ்சு நாலு வருஷம். இவரு காலையில ரயிலுக்கு ஓடுவாரு. அந்தியில வந்து பேப்பரப் பிடிச்சிக்கிட்டு ஒக்காந்துருவாரு. சோத்தப் போட்டா, கொழம்புல உப்பு இல்லனு கொழம்புகிட்ட சொல்லுவாரு, எங்கிட்ட சொல்ல மாட்டாரு. என் மூஞ்சியப் பாத்து இவரு பேசுனதே அந்த டான்ஸ் கிளாசுலதாங்க. அதுவும் டொக்டர் ஐயா சத்தம் போட்டதால. இதுல யாரு கெட்டுப்போனாங்க?"

இதை நான் சிங்களத்தில் சொல்ல வேண்டும். என் வாழ்க்கையில் அதைப்போல் ஒரு மொழிபெயர்ப்பு எனக்கு வாய்த்ததில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, "வகுப்பு நல்லது என்கிறார்," என்றேன்.

உத்தியோகத்தர் பேனாவை நிறுத்தினார். "அவ்வளவு நேரம் பேசினாரே?"

பின் வரிசையில் இருந்த ஆய்வுகூட உதவியாளர் குணே எழுந்தார். கெலிஓயாக்காரர், சிங்களவர், தமிழ் தண்ணீர்பட்ட பாடு. "நான் சொல்லட்டுமா சேர்?" என்று ஆரம்பித்து, குழம்பு உட்பட ஒன்றையும் விடாமல் சிங்களத்தில் சொல்லி முடித்தார். மண்டபம் அதிர்ந்தது. டீச்சரம்மா விடைத்தாளால் முகத்தை மறைத்துக்கொண்டார். விசாரணை உத்தியோகத்தர் மட்டும் சிரிக்கவில்லை.

முடிவும் சிரிக்கிற மாதிரி இல்லை. பெண்களைக் கெடுத்ததற்குச் சாட்சி இல்லை. ஆனால் அரசாங்க மண்டபத்தில் நடன வகுப்பு நடத்துவதற்கு அனுமதியும் இல்லை. அன்றோடு நிறுத்த வேண்டும்.

"மண்டபத்தில மட்டும்தானே?" என்று கேட்டார் டொக்டர்.

அடுத்த புதன்கிழமை விதைநெல் களஞ்சியத்தில் ஆடினோம். அதற்கடுத்த நாள், நிலையத்துக் கூரைகள் எதன் கீழும் ஆடக்கூடாது என்று உத்தரவு வந்தது. கூரை இல்லாத நாற்றுமேடைப் பக்கம் ஆடினோம். மழை பிடித்துக்கொண்டது. குடையோடு ஆடலாம் என்றார். ஆடினோம், பியோனின் குடைக்கம்பி குணேயின் காதில் ஏறியது. பிறகு நிலையத்து மண்ணில் எங்கேயும் ஆடக்கூடாது என்றே எழுதி ஒட்டிவிட்டார்கள். வகுப்பு முடிந்தது என்று நாங்கள் நினைத்தோம். டொக்டர் பாண் வாங்கப் போனார்.

கெலிஓயாவில் ஒரு ஹாஜியாரின் பேக்கரி இருந்தது. அது மாவுக்கும் சீனிக்கும் நாடே தவித்த காலம். பேக்கரிக்குப் பின்னால் இருந்த மாக் கிடங்கு வெறுமையாகக் கிடந்தது. நல்ல வழுவழுப்பான சீமெந்துத் தரை. டொக்டர் அதைச் செருப்பால் தேய்த்துப் பார்த்துவிட்டு விஷயத்தைச் சொன்னார். ஹாஜியார் தாடியைத் தடவினார்.

"டொக்டர், மா வருமெண்டுதான் ஸ்டோர கட்டின. மாவும் இல்ல, ஒண்டும் இல்ல, சும்மாதான் ஈக்கிது. எடுத்துக்கொங்கொ. ஆனா கலியாணம் முடிச்ச சோடிகள் மட்டும்தான் வரோணும். ஆராச்சும் கேட்டா நான் என்னண்டு சொல்ற?"

"தேகாப்பியாசம் எண்டு சொல்லுங்கோ."

"அது பொய் இல்லதானே?"

"ஒரு மணித்தியாலம் ஆடிப் பாருங்கோ. பிறகு நீங்களே சொல்லுவீங்கள்."

ஹாஜியார் ஆடவில்லை. ஆனால் வகுப்பு நாட்களில் அவருக்குக் கிடங்குப் பக்கம் திடீர் திடீரென்று வேலை வந்தது. ஒருநாள் சாவி தேடி வருவார், ஒருநாள் எலி தேடி வருவார். கொஞ்ச நாளில், "டொக்டர், அந்தக் கடைசிச் சோடி பிழையாச் சுத்துது," என்று வாசலில் நின்றே சொல்லத் தொடங்கிவிட்டார். கடைசிச் சோடி என்பது நானும் பாக்கியமும். பாக்கியத்தில் பிழையில்லை.

அந்தக் கிடங்கில்தான் டொக்டருக்குள் இருந்த விஞ்ஞானியை முழுதாகப் பார்த்தோம். எவ்வளவு பெருக்கினாலும் தரையில் பழைய மா மெல்லிசாகப் படிந்திருந்தது. ஆடி முடித்தால் எல்லோர் காலடியும் அதில் பதிந்திருக்கும். டொக்டர் பூதக்கண்ணாடியோடு முழங்காலில் இறங்கி, தவழ்ந்து தவழ்ந்து பார்ப்பார்.

"இது ஆரின்ர கால்?"

"என்னுதுதான் சார்."

"நோய் குதிக்காலில. காரணம், பயம். உடம்பு போனாலும் குதிக்கால் போகமாட்டன் எண்டு நிக்குது. பரிகாரம், இன்னும் ஒரு மாதம்."

மழை பெய்தாலும் பஸ் ஓடாவிட்டாலும் வகுப்பு நின்றதில்லை. பாண் கியூவில் நின்ற கால்களோடு வந்து ஆடினோம். டொக்டருக்குக் காய்ச்சல் வந்தபோது கம்பளியைப் போர்த்திக்கொண்டு வந்து, மூலையில் படுத்தபடி சத்தம் போட்டார்.

விருந்து வந்தது. மண்டபத்தில் வகுப்புக்குத்தான் தடை. விருந்துக்குத் தடை இல்லை. பாண்ட் வாசிக்கத் தொடங்கியது. பெரியவர்கள் எழுந்து ஆடினார்கள். நாங்கள் எல்லோரும் வழக்கம்போல் சுவரோரம், கையில் கட்லட். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறோம். யார் முதலில் போவது? டொக்டர் நடுவில் நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கழுத்து நரம்பு புடைத்திருந்தது.

பாக்கியம் என் கையிலிருந்த கட்லட்டைப் பிடுங்கி ஜன்னல் விளிம்பில் வைத்தாள். "வாங்க போவோம். அந்த மனுஷன் இன்னும் எவ்வளவு நேரம் நிப்பாரு?"

போனோம். எங்களுக்குப் பின்னால் குணேயும் அவர் மனைவியும். அவர்களுக்குப் பின்னால் டிரைவர், பியோன், தோட்ட மேற்பார்வையாளர் என்று ஒவ்வொரு சோடியாகச் சுவர் காலியானது. மண்டபம் நிறைந்து வழிந்தது. இடம் போதாமல் பெரிய உத்தியோகத்தர்கள் சிலர் ஒதுங்கிப் போய்ச் சுவரோரம் நின்றார்கள். நிலையத்து டைரக்டர் ஜன்னல் விளிம்பில் இருந்த என் கட்லட்டைத் தின்றதைச் சுற்றி வரும்போது கண்டேன். டொக்டர் மட்டும் ஆடவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு எங்கள் கால்களுக்கிடையில் புகுந்து நடந்தார். "குதிக்கால், குதிக்கால்," என்று என் காதருகில் சொல்லிவிட்டுப் போனார். நான் திரும்பிப் பார்ப்பதற்குள் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அதற்குப் பிறகு யாரும் பெட்டிசன் எழுதவில்லை. வருடக் கணக்கில் மாக் கிடங்கு வகுப்பு நடந்தது. மா வரத் தொடங்கிய பிறகும் ஹாஜியார் மூட்டைகளை ஓரமாக அடுக்கி நடுவை எங்களுக்கு விட்டார்.

டொக்டர் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முந்தி, ஒரு காலை ஆய்வுகூடத்தில் விழுந்துவிட்டார். பாரிசவாதம். வலது பக்கம் இழுத்துக்கொண்டது. வாய் பிழைத்தது, கால் பிழைக்கவில்லை. பாக்கியமும் நானும் ஆஸ்பத்திரிக்குப் போனபோது, நடக்கப் பழகுவதற்காக இரும்புச் சட்டம் ஒன்றைக் கட்டிலருகே வைத்திருந்தார்கள். டொக்டர் அதைத் தொட மறுத்துவிட்டாராம். நர்ஸ் கெஞ்சியும் கேட்கவில்லை.

"உதைத் தள்ளிக்கொண்டு போறது நடையில்லை," என்றார் சுவரைப் பார்த்துக்கொண்டு. "இனி என்னத்துக்கு? விடுங்கோ."

அவர் வாயிலிருந்து 'விடுங்கோ' என்ற சொல் வந்ததை அன்றுதான் முதலில் கேட்டேன். பாக்கியம் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

டீச்சரம்மா மடியிலிருந்த விடைத்தாள்களைக் கட்டிலில் வைத்தார். கண்ணாடியைக் கழற்றினார். டொக்டருக்கு முன்னால் போய் நின்று, அவருடைய இடது கையை எடுத்துப் பிடித்துக்கொண்டார். வலது கையைத் தன் முதுகுப் பக்கம் சுற்றி வைத்தார்.

"எழும்புங்கோ."

"என்ன செய்யிறீர்? உமக்கு ஆடத் தெரியாதே."

"தெரியாதெண்டு எப்ப சொன்னனான்? ஆடமாட்டன் எண்டுதான் சொன்னனான். நானும் ஆட வந்தால் ஊசியை ஆர் வைக்கிறது?"

நானும் நர்ஸும் இரண்டு பக்கமும் பிடித்துத் தூக்கினோம். டீச்சரம்மா சன்னமான குரலில் தாளம் சொன்னார். ஒன், டூ, த்ரீ. அவர் ஒரு எட்டுப் பின்னால் வைக்க, டொக்டர் இடது காலை முன்னே வைத்தார். வலது கால் வரவில்லை. டீச்சரம்மா நின்றார். காத்திருந்தார். மறுபடி முதலிலிருந்து சொன்னார். வலது கால் தரையைத் தேய்த்துக்கொண்டு கொஞ்சம் வந்தது. வாட்டில் படுத்திருந்தவர்கள் எல்லாம் எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள். டொக்டரின் முகமெல்லாம் வியர்வை. இன்னொரு எட்டு. இன்னொன்று.

"உம்மட தோள் இறங்கியிருக்கு," என்றார் டொக்டர்.

"வாயை மூடிக்கொண்டு காலை வையுங்கோ," என்றார் டீச்சரம்மா.

அன்றிலிருந்து தினமும் காலையும் பின்னேரமும் வாட்டின் நடுவழியில் இருவரும் ஆடினார்கள். ஆடித்தான் நடந்தார். பக்கத்துக் கட்டிலில் இடுப்பு முறிந்து கிடந்த பஸ் கண்டக்டருக்குப் படுத்தபடியே கைத்தாளம் பழக்கினார். ஆஸ்பத்திரியிலிருந்து வெளியே வந்தபோது வலது காலை இழுத்து இழுத்துத்தான் நடந்தார். ஆனால் தாளம் தப்பாமல் இழுத்தார். அடுத்த புதன்கிழமையே கெலிஓயாக் கிடங்கில் கைத்தடியோடு நின்றார். தரையில் தட்டிச் சத்தம் போட அது அவருக்கு வசதியாகப் போய்விட்டது. அதன் பிறகு ரெக்கோட் பெட்டியில் ஊசி வைக்கும் வேலை ஹாஜியாருடையது.

டொக்டர் போய்ச் சேர்ந்து இப்போது பல வருடங்கள் ஆகின்றன. எனக்கு அறுபது தாண்டிவிட்டது. இன்றும் எங்காவது கல்யாண வீட்டில் பாட்டுப் போட்டால் பாக்கியம் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவாள். ஆடுவேன். எல்லோரும் கைதட்டி, "அங்கிள் நல்லா ஆடுறீங்க," என்கிறார்கள்.

நான் நன்றாக ஆடுவதில்லை. குதிக்கால் இன்னும் பிழைதான். அதை என் காதில் வந்து சொல்ல ஒருவர் இருந்தால் நன்றாக இருக்கும்.